கார்செட்: சொல் வந்த வழியும் அதற்கான தமிழும்

மார்பிலிருந்து இடுப்பு வரை உடம்பைச் சுற்றி வளைத்து, உள்ளே விறைப்பான பட்டைகள் வைத்துத் தைத்து, பெரும்பாலும் முதுகுப் பக்கம் கயிறு கோத்து இழுத்துக் கட்டும் உடைக்குக் கார்செட் என்று பெயர். கை கிடையாது. பெரும்பாலும் தோள்பட்டியும் கிடையாது. தேவாலயத் திருமணத்துக்குக் கவுன் தைப்பவர்களிடமும், இப்போது ‘கார்செட் பிளவுஸ்’ தைப்பவர்களிடமும் இந்தச் சொல் நன்றாகவே புழங்குகிறது. ஆனால் பின்னால் கயிறு தொங்கும் எதையும் கார்செட் என்று சொல்லிவிடும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. அது சரியில்லை. கயிறு இல்லாமல் ஜிப் வைத்த கார்செட்டும் உண்டு. உள்ளே பட்டை இல்லாத கார்செட் என்று ஒன்று இல்லை.

சொல்லின் வேரைப் பார்க்கலாம். லத்தீனில் உடம்புக்குக் ‘கார்ப்புஸ்’ என்று பெயர். பழைய பிரெஞ்சில் அது தேய்ந்து ‘கோர்ஸ்’ ஆனது. சிறியது என்று காட்டும் விகுதி ஒன்று அதோடு சேர, ‘கார்செட்’ பிறந்தது. நேர்ப்பொருள்: சின்ன உடம்பு. மாநகராட்சியை நாம் கார்ப்பரேஷன் என்கிறோமே, அந்தச் சொல்லும் இதே ‘கார்ப்புஸ்’ குடும்பம்தான். பலர் கூடி ஒரே உடம்பாக இயங்குவது என்ற பொருளில் வந்தது அது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் முதலில் வந்தபோது, மேலே அணிந்து கயிற்றால் கட்டும் ஒரு வகைச் சட்டையைத்தான் குறித்தது. இறுக்கும் உள்ளாடை என்ற பொருள் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் நிலைபெற்றது. அதுவரை அந்த உள்ளாடைக்கு ஆங்கிலத்தில் வேறு பெயர்கள் இருந்தன. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் அதை ‘ஒரு ஜோடி பாடி’ என்றார்கள். இரண்டு பாதிகளாகத் தைத்து இணைத்ததால் ஜோடி; உடம்பைப் போலவே வடிவம் கொண்டதால் பாடி. அந்தப் பன்மைச் சொல்தான் பிறகு ‘பாடிஸ்’ என்ற ஒருமைச் சொல்லாக உறைந்து, உடையின் மேல்பகுதிக்குப் பெயரானது. நம் வீடுகளில் ரவிக்கைக்குள் போடும் உள்ளாடையைப் ‘பாடி’ என்று சொல்வதும் இந்த வழியில் வந்ததே. அப்புறம் வந்த பெயர் ‘ஸ்டேஸ்’, அதாவது தாங்கிப் பிடிப்பவை. பிரெஞ்சுக்காரர்கள் ‘கோர் அ பலேன்’ என்றார்கள்: திமிங்கலப் பட்டை வைத்த உடம்பு.

தைத்த மேலுடைக்கு உடம்பின் பெயரையே வைக்கும் வழக்கம் தமிழிலும் பழையது. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காவல் காக்கும் யவனர்கள் ‘மெய்ப்பை புக்க’ தோற்றத்தோடு வருகிறார்கள். மெய் என்றால் உடம்பு, அது புகுந்துகொள்ளும் பை மெய்ப்பை. சுற்றிக் கட்டும் துணிக்குப் பழகிய கண்கள் தைத்த சட்டையைக் கண்டு வைத்த பெயர் என்று நான் நினைக்கிறேன். எவ்வளவு துல்லியமான சொல்! கார்செட்டுக்கு இதையே எடுத்துக்கொள்ளலாமா என்று முதலில் ஆசை வரும். ஆனால் மெய்ப்பை சட்டையைக் குறிக்கும் சொல். தூய தமிழில் எழுதுவோர் இன்றும் அதைச் சட்டைக்குத்தான் வழங்குகிறார்கள். அதை இங்கே இழுத்து வந்தால் இரண்டு பொருளும் குழம்பும்.

இனிப் பட்டைக்கு வருவோம். கார்செட்டின் பட்டையை ஆங்கிலத்தில் ‘போன்’ என்றும், பட்டை வைப்பதைப் ‘போனிங்’ என்றும் சொல்கிறார்கள். இதைப் பார்த்துத் தமிழில் சிலர் ‘எலும்பு வைத்த உடை’ என்று எழுதிவிடுகிறார்கள். எலும்பு எந்தக் காலத்திலும் அதில் முக்கியப் பொருளாக இருந்ததில்லை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பயன்பட்டது பலீன் எனப்படும் பொருள். பல் இல்லாத பெரிய திமிங்கலங்களின் மேல்தாடையிலிருந்து திரைபோலத் தொங்கும் தகடுகள் அவை. கடல்நீரை வடிகட்டி, சின்ன உயிரினங்களை மட்டும் வாயில் நிறுத்திக்கொள்ள உதவுகின்றன. நம் நகமும் முடியும் எதனால் ஆனவையோ அதே கெரட்டினால் ஆனவை. நீளமாகக் கீறினாலும் உடையாது, வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும், உடம்பின் சூட்டில் அணிபவரின் வடிவத்துக்குப் பழகிக்கொள்ளும். திமிங்கல வேட்டை பெருகியதற்குத் திமிங்கல எண்ணெயோடு இதுவும் ஒரு காரணம். 19-ஆம் நூற்றாண்டில் எஃகுப் பட்டை வந்தது. கயிறு கோக்கும் துளைகளுக்கு உலோக வளையம் பதிப்பதும் அந்த நூற்றாண்டில் வந்தது. துணி கிழியாமல் கயிற்றை முன்பைவிடப் பலமாக இழுக்க முடிந்தது. மூச்சுவிடக்கூட இடம் தராத கார்செட் என்ற கெட்ட பெயர் பெரும்பாலும் அந்தக் காலத்தைச் சேர்ந்தது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸின் போல் புவாரே போன்றவர்கள் கார்செட் தேவைப்படாத உடைகளைத் தைத்தார்கள். இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் கார்செட் அன்றாட உடையிலிருந்து ஏறக்குறைய விலகிவிட்டது. 1947-இல் கிறிஸ்தியன் தியோர் ஒடுங்கிய இடையை மறுபடி கொண்டுவந்தார். 1980-களில் லண்டனின் விவியன் வெஸ்ட்வுட் கார்செட்டை மேலுடையாகவே அணியச் செய்தார். 1990-இல் மடோனாவின் இசைப் பயணத்துக்கு ழான் போல் கோத்தியே தைத்துக் கொடுத்த கூம்பு கார்செட் உலகம் முழுவதும் பேசப்பட்டது. உள்ளே ஒளிந்திருந்த உடை வெளியே வந்துவிட்டது.

வெளியே வந்த கார்செட்டை மணப்பெண்ணின் உடையில் கொண்டுபோய் நிறுத்தியவர்களில், இஸ்ரேலின் டெல் அவிவ் நகரத்தைச் சேர்ந்த வடிவமைப்பாளர் பினினா டோர்னாய்க்கு முக்கியமான இடம் உண்டு. பினினா என்றால் எபிரேய மொழியில் முத்து. மாலை விருந்து உடைகளில் தொடங்கி மண உடைக்கு வந்தவர். டெல் அவிவில் டிசெங்கோஃப் என்று ஒரு தெரு உண்டு. மண உடைக் கடைகள் வரிசையாக நிற்கும் தெரு அது. எபிரேயத்தில் மணப்பெண் உடை ‘சிம்லத் கலா’, மாலை விருந்து உடை ‘சிம்லத் எரெவ்’. அங்கே ஒரே வடிவமைப்பாளர் இரண்டையும் செய்வது சாதாரணம். மாலை உடையின் துணிச்சல் மண உடைக்குள் நுழைந்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நியூயார்க்கில் கிளைன்ஃபெல்டு என்று பெரிய மண உடைக் கடை ஒன்று உண்டு. 1941-இல் புரூக்ளினில் விலங்கு ரோம உடை விற்கும் கடையாகத் தொடங்கி, பிறகு மண உடைக்கு மாறி, 2005-இல் மன்ஹாட்டனுக்கு இடம்பெயர்ந்தது. பினினா தன் உடைகளை அங்கே முதலில் கொண்டுபோனபோது, மேனி அதிகம் தெரிகிறது என்று ஏற்க மறுத்துவிட்டார்கள். மறுபடி போனார், இடம் கிடைத்தது. 2007-இல் அந்தக் கடையை வைத்தே ‘சே யெஸ் டு தி டிரெஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடர் தொடங்கியதும், மணப்பெண்கள் அவர் பெயரைச் சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள். ஊடுருவித் தெரியும் வலைத்துணிமேல் பூவேலைப்பாடு, மினுங்கும் படிகக் கற்கள், எல்லாவற்றுக்கும் ஆதாரமாக ஒரு கார்செட்: அதுதான் அவருடைய முத்திரை. அவர் கார்செட்டில் பட்டைகளை மறைப்பதில்லை. சன்னல் சட்டம்போல நெடுக ஓடும் அந்தக் கோடுகளே உடையின் அழகு.

இந்தப் பாணி எல்லோருக்கும் பிடிக்காது. எனக்கு அதில் பிடித்தது தையல்காரரின் நேர்மை. உடையை எது நிற்க வைக்கிறதோ அதைக் கண்ணுக்குத் தெரியும்படி வைக்கிறார்.

எப்படி நிற்க வைக்கிறது? தோள்பட்டி இல்லாத ஒரு கவுனை எடுத்துக்கொள்ளுங்கள். பாவாடைப் பகுதியில் பல அடுக்கு வலைத்துணி, அதன்மேல் மணியும் கல்லும். இத்தனை எடையும் கீழ்நோக்கி இழுக்கும். தோளில் தொங்கவிட வழியில்லை. மார்பைச் சுற்றி இறுக்கினால் மட்டும் போதாது, நடந்தால் நழுவும். ஆகவே நல்ல தையல்காரர் முதலில் உள்ளே நீட்டம் தராத பருத்தித் துணியில் ஒரு கூடு தைப்பார். அது பல நெடுக்குத் துண்டுகளால் ஆனது. நம் ஊர் ரவிக்கையில் ‘பிரின்சஸ் கட்’ போடுகிறோமே, அதே முறைதான், இன்னும் அதிகமான துண்டுகளோடு. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு குறுகிய உறை தைத்து அதற்குள் பட்டையைச் செருகுவார். இப்போது எஃகுச் சுருளும் பிளாஸ்டிக்கும் பயன்படுகின்றன. இடுப்பின் ஒடுங்கிய இடத்தில் உள்பக்கமாகக் கெட்டியான நாடா ஒன்று ஓடும். முதலில் அந்த நாடாவை மாட்டிய பிறகுதான் கவுனை மூட வேண்டும். பாவாடையின் எடை அந்த நாடா வழியாக இடுப்பில் இறங்கிவிடும். மேலே துணி சுருங்கிச் சரியாமல் பட்டைகள் விறைப்பாக நிறுத்தும். இந்தக் கூட்டின்மேல்தான் மேல்துணியும் பூவேலைப்பாடும் வரும்.

இப்படிப் பார்த்தால் மண கவுனில் கார்செட்டின் முதல் வேலை தாங்குவது. இறுக்குவது இரண்டாம் வேலைதான். ‘ஸ்டேஸ்’ என்ற பழைய ஆங்கிலப் பெயர் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. முதுகு வலிக்கு மருத்துவர்கள் போடச் சொல்லும் பட்டை வைத்த இடுப்பு பெல்ட்டும் இதே குடும்பம். அங்கேயும் வேலை தாங்குவதுதான்.

பின்பக்கக் கயிற்றுக்கும் ஒரு பயன் உண்டு. இஸ்ரேலில் மண உடையை விலைக்கு வாங்காமல் வாடகைக்கு எடுப்பது வெகு சாதாரணம். ‘கெமாக்’ என்ற இலவசக் கடன் அமைப்புகளும் அங்கே உண்டு. தொட்டில், நாற்காலி முதல் மண உடை வரை தேவைப்படுவோருக்கு இரவல் தருவது யூதச் சமூகத்தில் பழைய அறம். அன்புச் செயல் செய்தல் என்று பொருள்படும் எபிரேயத் தொடரின் சுருக்கம்தான் அந்தப் பெயர். ஒரே உடை பல பெண்களுக்குப் போகும்போது கயிறு கட்டும் முதுகு கைகொடுக்கும். ஜிப் வைத்தால் ஒரே அளவு. கயிறு வைத்தால் கொஞ்சம் ஒல்லியானவருக்கும் கொஞ்சம் பருமனானவருக்கும் அதே கவுன் பொருந்தும்.

டெல் அவிவின் மண உடைத் தொழில் பினினாவோடு முடிவதல்ல. காலியா லஹாவின் நிறுவனம் 1984-இல் தொடங்கியது. அமெரிக்கப் பாடகி பியான்சே தன் மண உறுதியைப் புதுப்பித்தபோது அணிந்த கவுன் அங்கிருந்து வந்தது. அதன் படம் 2018-இல் அவருடைய மேடைத் திரையில் தெரிந்தபோதுதான் உலகம் பார்த்தது. 2016 கிராமி விழாவில் அவர் அணிந்த வெள்ளை உடை இன்பல் துரோரின் வடிவமைப்பு. டெல் அவிவை அடுத்த ரமத் கானில் 1970-இல் தொடங்கிய ஷென்கார் கல்லூரி இந்தத் தொழிலுக்குத் தொடர்ந்து ஆட்களைத் தயார் செய்கிறது. கார்செட்டுக்கு எபிரேயத்தில் ‘மகோக்’ என்று சொந்தச் சொல் இருக்கிறது. கடைகளில் அதையும் சொல்வார்கள், ‘கோர்செட்’ என்றும் சொல்வார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘இடையிறுக்கி’, ‘இறுக்குடை’ போன்ற ஆக்கங்களை நான் ஏற்கமாட்டேன். மேலே பார்த்தபடி, அவை இரண்டாம் வேலையை முதல் வேலையாக்கிவிடுகின்றன. ‘கஞ்சுகம்’ சட்டையைக் குறிக்கும் வடசொல், ‘குப்பாயம்’ பழைய மேலங்கி. இரண்டும் பொருந்தா.

நம்மிடம் ஏற்கனவே இருக்கும் நல்ல சொல் கச்சு. பெண்கள் மார்பைச் சுற்றி வலித்துக் கட்டும் உடைக்குப் பழைய இலக்கியத்தில் கச்சு, வார், வம்பு என்றெல்லாம் பெயர் உண்டு. கச்சை என்பது அதன் உறவு. ‘கச்சை கட்டிக்கொண்டு சண்டைக்கு வருகிறான்’ என்று இன்றும் சொல்கிறோம். சுற்றிக் கட்டுவது, உடம்பைத் தாங்கிப் பிடிப்பது என்ற இரண்டு பொருளும் கச்சில் இருக்கின்றன. குறை ஒன்றுதான்: கச்சு மெல்லிய துணி, மார்போடு நின்றுவிடும். பட்டை வைத்து இடுப்பு வரை இறங்கும் உடை என்பது அந்தச் சொல்லில் தெரியாது.

அந்தக் குறையைத் தீர்க்க வரிச்சு என்ற சொல்லை முன்வைக்கிறேன். கூரை வேய்கிறவர்கள் ஓலையைத் தாங்கக் கட்டும் மெல்லிய மூங்கில் பிளாச்சுக்கு வரிச்சு என்று பெயர். மெலிதாக இருக்கும், வளையும், ஆனால் மொத்தக் கூரையும் அதன்மேல் நிற்கும். கார்செட்டின் பட்டை செய்வதும் அதே வேலை. ஆகவே கார்செட் வரிச்சுக்கச்சு. பேச்சில் கார்செட் என்று சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. எழுத்தில், அதுவும் தையல் பாடம் எழுதும்போது, இந்தச் சொல் உடையின் அமைப்பையே சொல்லிக் கொடுத்துவிடும்.

மற்ற சொற்களும் இதிலிருந்து எளிதாகக் கிளைக்கும். போன் என்பது வரிச்சு, போனிங் என்பது வரிச்சு வைத்தல், பட்டையைச் செருகும் உறை வரிச்சுறை, எடை தாங்கும் உள் நாடா இடைநாடா, பின்னால் இழுத்துக் கட்டும் அமைப்பு கயிற்று முதுகு. உள்ளே பட்டை வைத்த ‘கார்செட் பிளவுஸ்’ வரிச்சு ரவிக்கை. பட்டை இல்லாமல் பின்னால் கயிறு மட்டும் வைத்தது கயிற்று முதுகு ரவிக்கை. இரண்டுக்கும் தையல் கூலி ஒன்றாக இருக்க நியாயமில்லை. கார்செட் என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்டால், எத்தனை வரிச்சு, எஃகா பிளாஸ்டிக்கா, இடைநாடா உண்டா என்று தைக்கக் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.