ஆர்என்ஏ குறுக்கீடா, இடைமறிப்பா?

ஒரு மரபணுவை வேலை செய்யவிடாமல் தடுப்பதற்கு ஆங்கிலத்தில் ஜீன் சைலன்ஸிங் என்று பெயர். அதை ‘மரபணு அடக்கம்’ என்று எழுதிப் பாருங்கள், மரபணுவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன மாதிரி இருக்கும். ‘ஒடுக்கம்’ என்றால் வேதியியல்காரர்கள் ஆக்சிஜனேற்றத்தின் ஜோடியை நினைப்பார்கள். ‘அமைதியாக்கம்’ அழுகிற பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது. நான் ‘மரபணு வாயடைப்பு’ என்கிறேன். மரபணு அப்படியே இருக்கிறது, அதன் பேச்சுதான் எடுபடவில்லை.

ஆர்என்ஏ இன்டர்ஃபியரன்ஸ் இந்த வாயடைப்புக்கு ஒரு வழி, அவ்வளவே. டிஎன்ஏவில் மெத்தில் என்ற சிறு வேதிக் குழுவை ஒட்டியும் வாயடைக்கலாம். ஆகவே இரண்டு சொல்லையும் ஒன்றாகப் புழங்குவது சரியல்ல.

1990இல் பெட்டூனியாப் பூவின் ஊதாவை இன்னும் அடர்த்தியாக்க, நிறமி உண்டாக்கும் மரபணுவை ஜோர்கென்சன் குழுவினர் கூடுதலாகச் செருகினார்கள். பல செடிகளில் பூ வெள்ளையாகவும் திட்டுத்திட்டாகவும் பூத்தது. கூடுதல் மரபணு, செடியின் சொந்த மரபணுவையும் சேர்த்து ஊமையாக்கிவிட்டது. ஏனென்று அப்போது விளங்கவில்லை. 1998இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் ஒரு மில்லிமீட்டர் நீள உருளைப்புழுவுக்குள் தசை மரபணு ஒன்றின் ஆர்என்ஏவைச் செலுத்தினார்கள். ஒற்றை இழையால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இரட்டை இழையைச் செலுத்தியதும் குஞ்சுப் புழுக்கள் வெடவெடவென்று துடித்தன. 2006இல் இருவருக்கும் நோபல் பரிசு.

நடப்பது இதுதான். டைசர் என்ற நொதி இரட்டை இழையைச் சுமார் 21 முதல் 23 எழுத்து (ஆர்என்ஏவின் வேதி அலகு) நீளத் துண்டுகளாக நறுக்குகிறது. ஒரு துண்டின் ஓரிழையை ஆர்கோநாட் என்ற புரதம் பிடித்துக்கொண்டு, அதோடு பொருந்தும் தூது ஆர்என்ஏவை, அதாவது புரதம் செய்வதற்கான மரபணுவின் செய்தியைச் சுமந்துபோகும் ஆர்என்ஏவை, தேடி வெட்டுகிறது. கடிதம் எழுதியாயிற்று, தபாலிலும் போட்டாயிற்று. போய்ச் சேருவதற்குள் யாரோ கிழித்துவிட்டார்கள்.

இன்டர்ஃபியர் என்ற சொல் பழைய பிரெஞ்சில் ‘ஒன்றையொன்று அடித்துக்கொள்’ என்ற பொருளில் இருந்தது. நடக்கும்போது குதிரையின் ஒரு குளம்பு மற்றக் காலில் இடிப்பதையும் ஆங்கிலத்தில் அப்படியே சொன்னார்கள். தமிழில் ‘குறுக்கீடு’ பரவலாக இருக்கிறது, பிழையில்லை. ஆனால் இயற்பியலில் அது ஒளியலைகள் ஒன்றோடொன்று கலப்பதற்கான சொல். இங்கே கலப்பு இல்லை, வழிமறிப்புதான். எனவே ‘ஆர்என்ஏ இடைமறிப்பு’ பொருந்தும்: ஆர்என்ஏவைக் கொண்டே ஆர்என்ஏவை மறிப்பது.

அப்புறம் எஸ்ஐஆர்என்ஏ (ஸ்மால் இன்டர்ஃபியரிங் ஆர்என்ஏ), அதாவது டைசர் நறுக்கிய அந்தச் சின்னத் துண்டு? ‘இடைமறிக்கும் சிற்றாரென்ஏ’ என்று சந்தி சேர்த்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்; ‘இடைமறி ஆர்என்ஏ’ போதும். 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பாட்டிசிரான், கல்லீரலில் ஒரு புரதத்துக்கான தூதை மறிக்கிற மருந்து. அதன் பெயரில் ‘சிரான்’ என்ற வால் இந்த எஸ்ஐஆர்என்ஏவின் சுருக்கம்தான்.