பழைய அமெரிக்க நிக்கலை வாங்கும் முன், விற்கும் முன்

வீட்டு அலமாரியில் கிடைத்த பழைய நிக்கல்களை, அதாவது அமெரிக்க ஐந்து சென்ட் காசுகளை, என் கடைக்குக் கொண்டுவருகிறவர்கள், பெரும்பாலும் முதல் நாளே அவற்றைப் பற்பசையோ பேக்கிங் சோடாவோ போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் கீறல்கள் ஒரே திசையில் ஓடுவது தெரிந்துவிடும். அப்புறம் என்ன பேசினாலும் நல்ல விலை படியாது. அழுக்கு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

1866-இல் வந்த கேடய நிக்கலும், 1883-இல் அதற்கு அடுத்து வந்த லிபர்ட்டி நிக்கலும் கண்டுபிடிக்க எளியவை. 1883-இன் முதல் லிபர்ட்டி காசுகளில் ரோமன் ஐந்தான ‘வி’ மட்டும் இருந்தது, ‘சென்ட்ஸ்’ என்ற சொல் இல்லை. எத்தர்கள் பொன்முலாம் பூசி ஐந்து டாலர் தங்கக் காசு என்று தள்ளிவிட்டார்கள். முலாம் பூசிய 1883 காசு இன்றும் விற்பனைக்கு வருகிறது. பூசியது அன்றைய எத்தனா, போன வருடத்து ஆசாமியா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தக் கதைக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

ஏமாற்று அதிகம் நடப்பது 1913 முதல் 1938 வரை வந்த எருமை நிக்கலில்தான். இதில் ஆண்டு மேடான இடத்தில் இருப்பதால் முதலில் அதுதான் தேயும். அமிலம் விட்டு ஆண்டை மீட்டெடுத்த காசில் அந்த இடம் மட்டும் சொரசொரப்பாக, நிறம் மாறி நிற்கும், மதிப்பும் குறைவு.

எல்லோரும் கேட்பது 1937-இல் டென்வர் நாணயச்சாலையில் அடித்த ‘மூன்று கால்’ எருமையை. காசு அடிக்கும் அச்சை அளவுக்கு மீறி மெருகேற்றியதில் ஒரு முன்னங்கால் மறைந்துபோன காசு அது. சாதாரணக் காசில் அந்தக் காலைச் சுரண்டிவிட்டு விற்பவர்கள் உண்டு. லென்ஸை வைத்து, கால் இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பாருங்கள். அசலில் அந்த இடம் வழவழப்பாக இருக்கும். குளம்பு மட்டும் தரையில் மிச்சமிருக்கும். வயிற்றுக்கு அடியிலிருந்து தரை வரை சிறு புள்ளிகள் மேடாக வரிசையாக இறங்கும். பின்னங்காலும் பூச்சி அரித்தாற்போல மெலிந்திருக்கும். சுரண்டிய காசில் இந்தப் புள்ளிகள் இருக்காது, பள்ளமும் கருவித் தடமும்தான் இருக்கும். இவ்வளவு பார்த்தும் சந்தேகம் தீரவில்லையா? தரச்சான்று நிறுவனம் உறையிட்டுக் கொடுத்த காசாக வாங்கிவிடுங்கள்.

புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு என் சிபாரிசு, 1942 நடுவிலிருந்து 1945 வரை வந்த போர்க்கால ஜெஃபர்சன் நிக்கல், அதாவது அமெரிக்க அதிபர் ஜெஃபர்சனின் முகம் போட்ட காசு. வழக்கமான நிக்கல் காசில் முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல் உலோகம். போர்க்காலக் காசில் அந்த உலோகமே கிடையாது, 35 சதவீதம் வெள்ளி. பின்பக்கத்தில் ஜெஃபர்சனின் வீடான மான்டிசெல்லோ மாளிகைக் குவிமாடத்துக்கு மேல், அடித்த நாணயச்சாலையைக் குறிக்கும் பி, டி, எஸ் என்ற எழுத்துகளில் ஒன்று பெரிதாக இருக்கும். 1944 என்று ஆண்டு போட்டு, குவிமாடத்தின் மேல் எழுத்து இல்லாத காசு கிடைத்தால் துள்ள வேண்டாம். அது 1950-களில் பிடிபட்ட ஹென்னிங் என்பவர் அடித்த கள்ளக் காசாக இருக்கலாம். சின்னத் தராசில் போட்டுப் பாருங்கள், அசல் எடை 5 கிராம்.

அப்புறம் 1950 டென்வர் காசு. சுமார் 26 லட்சம்தான் அடித்தார்கள், ஜெஃபர்சன் வரிசையிலேயே மிகக் குறைவு. ஆனால் அப்போதே சேகரிப்பாளர்கள் சுருள் சுருளாகப் பதுக்கிவிட்டதால், புத்தம் புதிதாக இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. ‘அபூர்வம்’ என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும், நான் உட்பட, நாலு இடத்தில் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள்.