பல்லு எடுத்த இடத்துல எலும்பு நமக்காக காத்துட்டு இருக்காது

போன வாரத்துல மட்டும் இது மூணாவது கேஸ், அதான் எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன். ஒரு அம்மா, அம்பது வயசு தாண்டியிருக்கும், கீழ் கடவாப்பல் எடுத்து ஏழு வருஷம் ஆச்சு, ரெண்டு மாசத்துல பொண்ணுக்கு கல்யாணம், அதுக்குள்ள இம்ப்ளான்ட் (தாடை எலும்புல ஸ்க்ரூ வெச்சு அது மேல மாட்டுற செயற்கைப் பல்) வெச்சு விட்டுருங்க டாக்டர்னு வந்தாங்க. அந்த இடத்தை ரெண்டு விரலால புடிச்சுப் பாத்தேன், கத்தி விளிம்பு மாதிரி இருந்துச்சு. சிபிசிடி ஸ்கேன்ல (தாடையை முப்பரிமாணத்துல காட்டுற எக்ஸ்ரே) எலும்போட அகலம் 3 மில்லிமீட்டர்தான், மீதி கரைஞ்சு போச்சு. கடவாப்பல்லுக்கு நாங்க வெக்கிற ஸ்க்ரூவே 4 மில்லிமீட்டருக்கு மேல, அதுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணரை மில்லிமீட்டராவது எலும்பு நிக்கணும்.

"அது எப்படி டாக்டர் கரையும், நான்தான் டெய்லி கால்சியம் மாத்திரை போடறேனே?"

இதைக் கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சுட்டேன். தயவுசெஞ்சு புரிஞ்சுக்கோங்க, பல்லைப் புடிச்சிட்டு இருக்கிற எலும்பு பல்லுக்காகவே இருக்கிற எலும்பு. நீங்க மெல்லும்போது வேர் வழியா போற அழுத்தம்தான் அதை உயிரோட வெச்சிருக்கு. வேர் போயிட்டா உடம்பு அந்த எலும்பை கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கும், மாவுக்கட்டு போட்ட கை மெலிஞ்சு போகுதுல்ல, அந்த மாதிரி. கால்சியம் மாத்திரை, ராகிக்கூழ், பிரண்டைத் துவையல் எல்லாம் உடம்புக்கு நல்லதுதான், சாப்பிடுங்க, ஆனா கரைஞ்ச தாடை எலும்பை அது எதுவும் திரும்ப வளத்துத் தராது. கழட்டி மாட்டுற பல் செட்டும் காப்பாத்தாது, ஈறை அழுத்தி அழுத்தி இன்னும் சீக்கிரம் கரைக்கும். முதல் வருஷத்துலயே அகலத்துல பாதி வரைக்கும் போயிடும், அதுலயும் பெரும்பங்கு முதல் 3 மாசத்துல. "உள்பல்லுதானே, யாருக்குத் தெரியப் போகுது, அப்புறம் பாத்துக்கலாம்"னு தள்ளிப் போடறது இந்த மூணு மாசத்தைத்தான்.

அதனால பல்லு எடுக்கிற அன்னைக்கே கேளுங்க, குழியை கிராஃப்ட் (எலும்பு இல்ல எலும்புக்கு மாற்றான பொருள்) போட்டு நிரப்பணுமான்னு. ஞானப்பல்லுக்கு தேவையில்ல, ஆனா பின்னாடி இம்ப்ளான்ட் வெக்கிற எண்ணம் இருந்தா கட்டாயம் பேசிடுங்க. (புதுசா பிராக்டீஸ் ஆரம்பிச்ச தம்பி தங்கச்சிங்களுக்கு: முன்பல் எடுக்கும்போது வெளிப்பக்க எலும்பு பல பேருக்கு 1 மில்லிமீட்டர் கூட இருக்காது, அவசரப்பட்டு அதை ஒடச்சிடாதீங்க.)

கரைஞ்ச பிறகு வந்தாலும் வழி இருக்கு. உங்க தாடையிலயே பின்பக்கத்துல இருந்து எலும்பு எடுத்து வெக்கலாம், இல்ல பவுடர் போடலாம். பவுடர்ல மாட்டு எலும்புல இருந்து பதப்படுத்துனது, மனுஷங்க தானம் பண்ண எலும்பு, செயற்கையானதுன்னு பல வகை இருக்கு, சைவம் சாப்பிடறவங்க எது போடறீங்கன்னு முன்னாடியே கேட்டுருங்க, அது உங்க உரிமை. எலும்பை விட ஈறு வேகமா வளரும், அது உள்ள பூந்துடாம இருக்க மேல ஒரு மெம்ப்ரேன் (மெல்லிசான தடுப்புச் சவ்வு) வெச்சுத் தைப்போம். அப்புறம் பெரும்பாலும் 4 லிருந்து 6 மாசம் காத்திருக்கணும், மேல்தாடையில சைனஸ் லிஃப்ட் (கடவாப்பல்லுக்கு மேல இருக்கிற காத்தறையோட சவ்வைத் தூக்கி அடியில எலும்பு நிரப்பறது) பண்ணா இன்னும் கூட ஆகலாம். இதுல அவசரம் கிடையவே கிடையாது.

பீடி, சிகரெட், புகையிலையை விட முடியாதுன்னா கிராஃப்டே வேணாம், காசும் எலும்பும் சேந்து போகும். சுகரை கட்டுக்குள்ள கொண்டு வந்துட்டு வாங்க. எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கறவங்க மறைக்காம சொல்லுங்க, தாடை எலும்பே அழுகற அளவுக்குப் போகலாம். கிராஃப்ட் போட்ட பிறகு ஸ்ட்ரா வேணாம், வேகமா கொப்புளிக்க வேணாம், உதட்டை இழுத்து இழுத்து கண்ணாடியில பாக்க வேணாம். மணல் மாதிரி ரெண்டு மூணு துகள் வாயில வந்தா பயப்படாதீங்க, ஆனா மூணு நாளைக்கு அப்புறமும் வீக்கம் ஏறிட்டே போனா, சீழ் வந்தா, உதடு மரத்தே இருந்தா ராத்திரியா இருந்தாலும் போன் பண்ணுங்க.

அந்த அம்மாவுக்கு வியாழக்கிழமை கிராஃப்ட் போட்டாச்சு, கல்யாணத்துக்குப் பல்லு வராதுன்னு ஏத்துக்கிட்டாங்க. கூட வந்த பொண்ணுக்கும் ஒரு கடவாப்பல் வேர் வரைக்கும் சொத்தை, எடுத்தே ஆகணும். "எடுக்கிற அன்னைக்கே குழியை நிரப்பிடுங்க டாக்டர்"னு அவங்களே கேட்டாங்க.