கிணற்றுக்குள் இறங்கும் யூரியா

கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டில் கேத்திலுக்கு ஓய்வே இல்லை. கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, போத்தலில் ஊற்றினால் பயமில்லை என்றுதான் அம்மம்மாமார் சொல்லித் தந்திருக்கிறார்கள். கிருமிக்கு அது சரி. ஆனால் தண்ணீரில் நைத்திரேற்று, அதாவது யூரியா போன்ற பசளையிலிருந்தும் கழிவிலிருந்தும் வரும் நைதரசன் சேர்வை, கரைந்திருந்தால் கதை தலைகீழ். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். நைத்திரேற்று அப்படியே கேத்திலுக்குள் நின்றுவிடும். எவ்வளவு கொதித்து வற்றுகிறதோ, அவ்வளவுக்கு அதன் செறிவு கூடும். மணம், நிறம், ருசி எதிலும் பிடிபடாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இது புதுச் செய்தியில்லை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மீறி இருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டி வருகின்றன. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

ஏன் இங்கே? வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத நிலம் இது. ஐப்பசி, கார்த்திகை மழை செம்பாட்டு மண்ணுக்குள் இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்குகிறது. அந்த நன்னீர், பாரமான கடல்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பது இதனால்தான். குடிக்கவும், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இறைக்கவும் இந்த ஒரே சேமிப்புத்தான். பாத்திக்கு இறைத்ததில் பயிர் குடித்தது போக மிச்சம் திரும்பவும் அதே கல்லுக்குள்தான் வடிகிறது. வெறுங்கையோடு வடிவதுமில்லை.

பாத்தியில் வீசிய யூரியா ஈரம் பட்டதும் கரைகிறது. மண்ணிலுள்ள நொதியம் ஒன்று சில நாட்களிலேயே அதை அமோனியமாக உடைத்துவிடும். அமோனியத்துக்கு நேர் ஏற்றம், களித் துணிக்கைகளின் மேற்பரப்பில் மறை ஏற்றம். அதனால் மண் அதை ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. இதோடு நின்றிருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் காற்றோட்டமும் சூடும் உள்ள மண்ணில் பற்றீரியாக்கள் சும்மா இருப்பதில்லை. அமோனியத்தை முதலில் நைத்திரைற்று என்ற இடைநிலைச் சேர்வையாகவும், அப்புறம் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரேற்றுக்கு மறை ஏற்றம். மண்ணுக்கும் அதற்கும் ஒட்டே இல்லை. பயிரின் வேர் உடனே எடுத்தால் உண்டு. இல்லாவிட்டால் அடுத்த இறைப்போடு கீழே போய்விடும். கொஞ்சம் வாயுவாகிக் காற்றோடும் போகும். வெங்காயத்தின் வேரிலோ பெரும்பகுதி ஒரு சாண் ஆழத்துக்குள்தான். அந்த ஆழத்தைத் தாண்டியது கிணற்றுக்குச் சொந்தம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 கிலோ யூரியா மூட்டையில் நைதரசன் 46 சதவீதம், அதாவது 23 கிலோ. அது முழுவதும் நைத்திரேற்றானால் ஏறக்குறைய 102 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் தப்பிக் கீழே இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்துக் கிலோ, நைத்திரேற்றே இல்லாத இரண்டு இலட்சம் லீற்றர் தண்ணீரைக் குடிநீர் எல்லைவரை கொண்டுபோய் நிறுத்திவிடும். ஒரே ஒரு மூட்டை!

பழியை யூரியாவின் தலையில் மட்டும் போடவும் முடியாது. கிணற்றுக்குப் பக்கத்திலேயே மலசலகூடக் குழி, மாட்டுக் கொட்டில் எல்லாம் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஊறுவதும் இதே நைத்திரேற்றுத்தான். மாட்டெருவையும் அளவுக்கு மிஞ்சிப் போட்டால் அதே வழியில்தான் போகும். அந்தக் காலத்தில் பூவரசங்குழை தாழ்த்தி, பனையோலை புதைத்துச் செய்த தோட்டங்களில் நைதரசன் உக்கி உக்கி மெல்ல வெளிவந்தது. துலாவில் இறைத்த தண்ணீரும் அளவானது. யூரியாவோடு நீர்ப்பம்பியும் சேர்ந்த பிறகுதான் இந்த ஓட்டம் வேகமெடுத்தது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, சில மாதங்களிலேயே இலங்கை அரசு பின்வாங்கியது. விளைச்சல் விழுந்ததுதான் மிச்சம். கல்லுக்குள் ஏற்கெனவே இறங்கியதை எந்த வர்த்தமானியும் மேலே எடுக்காது.

சரி, குழந்தைக்கு என்ன நடக்கிறது? 1945இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஹன்டர் கொம்லி என்ற மருத்துவர், பண்ணைக் கிணற்று நீரில் பால் கரைத்துக் கொடுத்த சிசுக்கள் நீலம் பாய்வதைக் கவனித்து எழுதினார். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையின் வயிற்றில் அமிலம் குறைவு. அங்கே பெருகும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அது இரத்தத்தில் கலந்து, ஈமோகுளோபினில் உள்ள இரும்பிடமிருந்து ஓர் இலத்திரனைப் பறித்துவிடுகிறது. அதன்பிறகு அந்த இரும்பால் ஒட்சிசனைச் சுமக்க முடியாது. பெரியவர்களின் உடலில் இதைத் திருத்தும் நொதியம் போதியளவு உண்டு, சிசுவிடம் குறைவு. உதடும் நகமும் நீலம் பாயும். குத்தி எடுத்த இரத்தமோ சொக்லேற் நிறத்தில் இருக்கும். தாய்ப்பாலில் நைத்திரேற்று மிகக் குறைவு என்பதால், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு இந்த ஆபத்து அநேகமாக இல்லை. குளோரின் போடுவதும் கரி வடிகட்டியும் இதற்கு உதவாது. எதிர்ச் சவ்வூடுபரவல் (RO) முறையில் வடிகட்டும் இயந்திரம் பெருமளவைக் குறைக்கும். இல்லாவிட்டால் எல்லைக்குள் இருக்கும் வேறு கிணற்றுத் தண்ணீர்தான் வழி.

தோட்டத்தில் செய்யக்கூடியது, பசளையை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் பிரித்துப் போடுவதும், வேர் எட்டும் ஆழத்துக்கு மட்டும் நனையும்படி இறைப்பதும். இவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று கிணற்றுக்குள்ளேயே கிடக்கிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் உள்ள தண்ணீரில், ஒரு பரப்பு (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) வெங்காயத்துக்குப் பருவம் முழுவதும் ஒரு இலட்சம் லீற்றர் இறைத்தால், அதோடு ஐந்து கிலோ நைத்திரேற்றும் பாத்திக்கு வந்து சேர்கிறது. அது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ யூரியாவுக்குச் சமன். 100 மில்லிகிராம் என்றால் ஐந்து கிலோ யூரியா. தண்ணீரைச் சோதித்து அந்த இலக்கத்தைத் தெரிந்துகொண்டு, அவ்வளவையும் கழித்துவிட்டு மூட்டையை அவிழ்க்கலாம். போன போகங்களில் காசு கொடுத்து வாங்கிய பசளைதான் அது, பம்பி வழியாக மேலே வந்துகொண்டிருக்கிறது.