கிரேடியன்ட்: நிறச்சரிவு அல்ல, நிறவாட்டம்

'நிறச்சரிவு' என்ற சொல்லை இனியும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வரைகலை வகுப்பு, செயலி, காணொளி, எங்கு போனாலும் இதுதான். ஒரு நிறம் இன்னொன்றாகச் சிறுகச் சிறுக மாறுவது கிரேடியன்ட்; அதற்குத்தான் தமிழில் இந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள். இலத்தீனில் 'கிராடுஸ்' என்றால் படி, காலடி. அந்த வேரிலிருந்து வந்த ஆங்கிலச் சொல் 19-ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதையின் ஏற்ற இறக்கத்தைக் குறித்தது. வேர்க்கதை அவ்வளவுதான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலை ரயில் பாதைக்குச் 'சரிவு' பொருந்தும். கல்லாறு தாண்டினால் 12 அடிக்கு 1 அடி வரை உயர்கிறது. சிவப்பு நீலமாவதில் எது மேடு, எது பள்ளம்? கோவையில் ஒரு மாணவி கேட்டார்: "ஏனுங்க சார், இதுல எதுங்க சரியுது?" சரியான கேள்வி. மண்சரிவு, விலைச்சரிவு என்று பழகிய காதுக்கு அந்தச் சொல்லில் வீழ்ச்சிதான் கேட்கும். சிலர் 'சாய்வு' என்கிறார்கள். அது இன்னும் மோசம். சாய்வெழுத்து ஏற்கெனவே இருக்கிறது. நிறம் எந்தக் கோணத்தில் ஓட வேண்டும் என்று செயலி கேட்கும் இடத்தில் 'சாய்வின் சாய்வு' என்றா எழுதுவது?

என் சொல் நிறவாட்டம். எங்கள் பக்கம் வாய்க்கால் வெட்டுகிறவரும் மொட்டைமாடிக்குத் தளம் போடும் கொத்தனாரும் வாட்டம் பார்த்துத்தான் வேலை செய்வார்கள். பார்த்தால் தெரியாது, தண்ணீர் மட்டும் தேங்காமல் ஓடும்; அந்த அளவான இறக்கம்தான் வாட்டம். வாடுதல் தரும் வாட்டமும் காதில் சேர்ந்தே ஒலிப்பதால், நிறம் மெல்ல மங்குவதும் அதற்குள் வந்துவிடுகிறது. துயரச் சொல் என்று மறுப்பவர்கள் உண்டு. முகவாட்டத்தைக் கண்டுகொள்வதே முகத்தின் நிறம் பார்த்துத்தானே!

கணினி வரையும் படத்தில் இந்த வாட்டம் எளிதில் கெடும். 8 பிட் படத்தில், அதாவது ஒவ்வொரு நிறத்தின் அளவையும் எட்டு 0-1 இலக்கங்களில் எழுதும் படத்தில், சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகளே. 1920 புள்ளி (பிக்சல்) அகலத்தில் கறுப்பிலிருந்து மங்கிய சாம்பல் வரை 40 படிகளை மட்டும் ஓடவிட்டால், ஒவ்வொரு படியும் 48 புள்ளி அகலத்துக்கு அப்படியே நின்று, பட்டை பட்டையாகத் தெரியும். இதைத் திருப்பூரில் துணிக்கு டிசைன் போடுகிறவர்கள் "பட்டை விழுது" என்கிறார்கள். ஆங்கிலத்தில் இது 'பேண்டிங்'; மொழிபெயர்ப்பாளரோ 'பட்டையிடல்' என்கிறார், யாரோ வேண்டுமென்றே போட்ட மாதிரி. தொழில் செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அகராதியோடு உட்கார்ந்தால் இப்படித்தான் வரும்.

பட்டையைப் போக்கும் வழி பழையது. நிற மதிப்பைப் பின்னத்தோடு கணக்கிட்டு, முழு எண்ணாக்கும் முன் ஒரு படிக்குள் அடங்கும் தற்செயல் எண்ணைக் கலக்க வேண்டும். விளிம்புகள் கலைந்து, கண் சராசரியைப் பார்க்கும். படங்களில் இதைச் செய்யலாம் என்று 1962-இல் அமெரிக்கப் பொறியாளர் லாரன்ஸ் ராபர்ட்ஸ் எழுதினார். இதன் பெயர் டிதரிங். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு நடுங்குதல், தயங்குதல் என்ற பொருள்கள் இருப்பதால், நம்மவர்கள் 'தடுமாற்றம்' ஆக்கிவிட்டார்கள். 'நிறச்சரிவில் தடுமாற்றம் சேர்' என்று ஒரு செயலி சொன்னால் யார் அந்தப் பொத்தானைத் தொடுவார்கள்? 'நிறவாட்டத்தில் பட்டை விழாமல் புள்ளி தூவு' என்று எழுதுங்கள்.