நோட்டில் இருக்கிற கணக்கு கையில் இருக்கிறதா?

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த மறுநாள் ஒரு அப்பாவும் மகனும் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார்கள். பையன் பிளஸ் டூ கணிதத்தில் 96. இங்கே என் பாடமான ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ போய்விட்டது. “திருத்தினதுல ஏதாவது தப்பு இருக்குமா மேடம்? ரீவேல்யூவேஷன் போடலாமா?” என்றார் அப்பா. அந்த வாரத்தில் இதே கேள்வியோடு வந்த ஐந்தாவது அப்பா அவர். பதினாறு வருடமாக அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் முதலாண்டுக்குக் கணக்கு எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் நேரில் சொல்வதை இந்த முறை எழுதிவிடுகிறேன்.

நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். அச்சடித்தது போல எழுத்து. நான் போர்டில் போட்ட கணக்கு ஒன்றுகூட விடுபடவில்லை, ஒவ்வொரு விடையைச் சுற்றியும் பென்சிலால் கட்டம். ஐகன் மதிப்புக் கணக்கு (ஒரு அணிக்கென்று இருக்கும் சில சிறப்பு எண்களைக் கண்டுபிடிப்பது) ஒன்றை எடுத்து, இரண்டு எண்ணை மட்டும் மாற்றி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்த எண்களைத் தரும் சமன்பாடான கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷன் வரை வந்தான். அங்கே ஒரு மைனஸ் விட்டுப்போனது, அதற்குப் பிறகு மூலம் எதுவும் சரியாக வரவில்லை. பேனாவை வைத்துவிட்டு, “கிளாஸ்ல புரிஞ்சுது மேடம்” என்றான்.

பொய் சொல்லவில்லை. நான் போடும்போது அவனுக்குப் புரிந்துதான் இருக்கிறது. ஆனால் இந்த வரிக்குப் பிறகு எந்த வரி, எந்த நிரையை விரித்தால் வேலை குறையும் என்பதையெல்லாம் அங்கே முடிவு செய்தது நான். பரீட்சை ஹாலில் அதை அவன் முடிவு செய்ய வேண்டும். அம்மா தோசை ஊற்றுவதைப் பதினெட்டு வருடம் பார்த்த பிள்ளையும் முதல் தோசையைக் கல்லோடு பிய்த்துத்தான் எடுக்கும். பரீட்சைக்கு முந்தின இரவு யூடியூபில் ஐந்து யூனிட்டையும் ஓடவிட்டுப் பார்ப்பதும் இதேதான். வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘முக்கியக் கேள்விகள்’ பிடிஎஃப்பும் இதேதான். பார்த்தீர்கள், புரிந்தது, சரி. போட்டீர்களா?

(பேப்பர் திருத்துகிறவளாக ஒன்று சொல்கிறேன். வந்த ஐகன் மதிப்புகளைக் கூட்டிப் பாருங்கள். கேள்வியில் கொடுத்த அணியின் முதன்மை மூலைவிட்டத்தில் இருக்கும் எண்களின் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போக வேண்டும். பத்து வினாடி வேலை. அந்தப் பையன் இதைச் செய்திருந்தால் மைனஸ் அங்கேயே பிடிபட்டிருக்கும்.)

ரீவேல்யூவேஷனுக்கு முன்னால் விடைத்தாள் நகல் வாங்கச் சொன்னேன். வந்தது, சேர்ந்து பார்த்தோம். பெரிய கணக்குகள் வரும் பார்ட் பி-யில் ஐந்து கேள்வியும் தொட்டிருக்கிறான். ஒன்றுகூட முடியவில்லை.

கல்லூரியிலேயே போடும் இன்டர்னல் மார்க்கில் 36 வைத்திருந்தான். மொத்தம் 50 எடுத்தால் பாஸ், ஆகவே செமஸ்டர் தேர்வில் 14 வந்தால் போதும் என்று நினைத்திருக்கிறான். எந்த சீனியர் சொன்னாரோ தெரியாது, வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவனுக்குப் பொருந்தும் 2021 விதிமுறைப்படி தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. மொத்தத்தில் 50 வேண்டும், அதோடு செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதமும் வேண்டும். பேப்பர் நூறு மார்க்குக்கு, அதைத்தான் 60-க்குச் சுருக்குகிறார்கள். அதாவது அந்த நூறில் 45. இன்டர்னலில் 40-க்கு 40 இருந்தாலும் இந்த 45 இல்லாவிட்டால் அரியர்தான். சின்னக் கேள்விகள் வரும் பார்ட் ஏ-வில் இருபதுக்கு இருபது வாங்கினாலும் பார்ட் பி-யில் 25 பாக்கி. ஒரு கேள்விக்கு 16 மார்க், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தன்னாட்சிக் கல்லூரியிலும் பிறகு வந்த விதிமுறையிலும் விதி வேறாக இருக்கலாம், உங்கள் ரெகுலேஷன் புத்தகத்தை வாங்கி ஒருமுறை படியுங்கள்.

பிளஸ் டூவில் தினமும் டெஸ்ட் வைத்து, ஸ்பெஷல் கிளாஸில் உட்காரவைத்து, யாரோ ஒருவர் உங்கள் கையாலேயே கணக்கைப் போடவைத்தார். இங்கே யாரும் உட்காரவைக்க மாட்டார்கள். கவுன்சலிங் முடிந்து வகுப்பு தொடங்கவே தாமதமாகிறது, கையில் இருப்பது ஏறக்குறைய நான்கு மாதம்.

அதனால் அன்று நடத்திய கணக்கில் இரண்டை அன்று சாயங்காலமே நோட்டை மூடிவைத்துப் போடுங்கள். முக்கால் மணி நேரம் போதும். எங்கே நின்றதோ அந்த வரியில் கோடு போட்டு, மறுநாள் அந்த வரியோடு வாருங்கள். “ஒண்ணுமே புரியல” என்று வந்தால் எங்களால் உதவ முடியாது, “இந்த வரி எப்படி வந்துச்சு” என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் முடியும். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் பைத்தான் பாடமும் அப்படித்தான், புரோகிராமை மனப்பாடம் செய்யாதீர்கள், கம்ப்யூட்டரில் அடித்து எர்ரர் வாங்குங்கள். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகவே கூடாது. அரியரை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் சீனியரிடம், கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அவர் பெயர் போனதா என்று கேளுங்கள்.

பெற்றோருக்கு: ஹாஸ்டலுக்குப் போன் போட்டு “நல்லா படிக்கிறியா” என்று கேட்டால் “படிக்கிறேன்” என்றுதான் பதில் வரும். இன்றைக்கு நீயாக என்ன கணக்குப் போட்டாய் என்று கேளுங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைகளே, முதல் மாதம் வகுப்பில் நீங்கள் வாயே திறப்பதில்லை, அது எனக்குத் தெரியும். நான் டிடர்மினன்ட் என்று சொல்வது நீங்கள் ஏற்கெனவே போட்டுப் பழகிய அணிக்கோவைதான். கால்குலஸ் என்பது நுண்கணிதம்தான். இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகத்தைத் தமிழிலேயே கேளுங்கள், தமிழிலேயே சொல்கிறேன். வகுப்பில் கேட்கக் கூச்சமாக இருந்தால் சாப்பாட்டு இடைவேளையில் வாருங்கள். கோடு போட்ட அந்தத் தாளை மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.