ஏழாவது இடத்தில் இருக்கும் ஷெல்

திருகோணமலை உவர்மலைப் பக்கம் லினக்ஸ் படிக்கிற பிள்ளைகள் இப்படிக் கேட்பதுண்டு: "அண்ணா, புதுக் கணக்கில மேல் அம்புக்குறியை அமுக்கினா பழைய கட்டளை வராம ஏதோ அடைப்புக்குறியெல்லாம் வருது, கீபோர்ட் பழுதோ?" கீபோர்டில் ஒன்றுமில்லை. லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவில், யூசர்ஆட் கட்டளையில் ஷெல் (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரல்) எதுவென்று சொல்லாமல் கணக்குத் திறந்தால் வழக்கமாக எஸ்எச்தான் கிடைக்கும், அங்கே எஸ்எச் என்பது டாஷ் என்ற சின்ன ஷெல், ஸ்கிரிப்டுகளை வேகமாக ஓட்டும், அம்புக்குறி அதற்குப் புரியாது.

சரி, எந்த ஷெல் என்று எங்கே எழுதியிருக்கிறது? இடிசி அடைவிலுள்ள பாஸ்வேர்ட் கோப்பில். பெயர்தான் அப்படி, கடவுச்சொற்கள் ஷேடோ கோப்புக்குப் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. கணக்குக்கு ஒரு வரி. முக்காற்புள்ளிகளால் பிரித்த ஏழு பகுதிகள். ஏழாவதில் ஒரு நிரலின் முழுப் பாதை. கடவுச்சொல் சரியென்றால் கணினி அந்த நிரலை அப்படியே ஓட்டும். அது ஷெல்லாகத்தான் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. வெப் சர்வர் மாதிரி சேவைகளுக்கான பல கணக்குகளில் நோலாகின் என்று இருக்கும், ஒரு வரி மறுப்பைக் காட்டிவிட்டு வெளியே அனுப்பிவிடும், வேலை முடிந்தது.

அந்தக் கோப்பில் ரூட் என்ற தலைமை நிர்வாகிக் கணக்கு மட்டுமே எழுத முடியும். அப்படியிருக்க, சாதாரண ஆள் தன் ஷெல்லை சிஎச்எஸ்எச் கட்டளையால் எப்படி மாற்றுகிறார்? யார் ஓட்டினாலும் ரூட்டின் அதிகாரத்தோடு ஓடுமாறு அந்த நிரலில் செட்யூஐடி அடையாளம் போட்டிருக்கிறார்கள். அதனால் அதுவும் கவனமாகத்தான் நடக்கும்: உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும், நீங்கள் சொன்ன பாதை இடிசியிலுள்ள ஷெல்ஸ் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும், கட்டுப்படுத்தப்பட்ட ஷெல்லில் அடைக்கப்பட்டவர் தானாக வெளியேறவும் விடாது.

ரூட்டுக்கு இந்தத் தடை இல்லை, ஆபத்தும் அங்கேதான். கணக்கு விவரங்களை மாற்றும் யூசர்மொட் கட்டளையில் இசட்எஸ்எச் என்ற ஷெல்லின் பாதையை ஓர் எழுத்துப் பிழையோடு கொடுத்துவிட்டால், அடுத்தமுறை தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக வரும்போது சரியான கடவுச்சொல்லையே பிழை என்று தள்ளிவிடும், ஏனென்றால் ஷெல் இல்லாத கணக்கை ஓபன்எஸ்எஸ்எச் (எஸ்எஸ்எச்சை நடத்தும் நிரல்) உள்ளே எடுப்பதில்லை. ஆள் கடவுச்சொல்லை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருப்பார். ஆகவே பழைய சன்னலை மூடாமல் வைத்துக்கொண்டு வேறொரு சன்னலில் நுழைந்து பாருங்கள்.

மாற்றிய பிறகும் பழைய ஷெல்லே வருகிறதா? உங்கள் ஷெல் எதுவென்று குறித்துவைக்கும், ஷெல் என்றே பெயருள்ள சூழல் மாறி (என்விரான்மென்ட் வேரியபிள்) உள்நுழையும்போதுதான் நிரப்பப்படுகிறது. டெஸ்க்டாப்பில் புது டெர்மினல் திறந்தால் மட்டும் பல நேரம் போதாது, முழுதாக வெளியேறி மறுபடி வரவேண்டும். 2019இல் மேக்ஓஎஸ் கேட்டலினா இசட்எஸ்எச்சுக்கு மாறியபோதும் பழைய கணக்குகள் முந்தைய ஷெல்லான பாஷிலேயே இருந்ததற்குக் காரணம், இந்த விவரம் கணக்கோடு ஒட்டியது, இயங்குதளத்தோடு அல்ல.

கம்பஸ், கந்தோர் கணினிகளில் கணக்குகள் எல்டாப் சர்வரில் (எல்லாருடைய கணக்குகளையும் ஓரிடத்தில் வைக்கும் சர்வர்) இருந்தால் உங்கள் வரியே உள்ளூர்க் கோப்பில் இருக்காது, சிஎச்எஸ்எச் அப்படி ஒருவர் இல்லை என்றே சொல்லிவிடலாம். அப்போது நிர்வாகியைத்தான் கேட்கவேண்டும்.